கேள்வி கேட்டுட்டு கொஞ்ச நேரம் சும்மா நிக்கணும்

எங்கப்பா ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டி பால் எடுத்த காலத்துல விடியறதுக்கு முன்னாடியே பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கற எடத்துக்கு, போவணும். மண்டோர் (வேலைய மேற்பாக்கறவரு) பேர் கூப்புடுவாரு, நம்ம பேர் வந்தா ஒரு குரல் கொடுத்துட்டு இன்னிக்கு எந்த மர நெரைன்னு கேட்டுகிட்டு கெளம்பிட வேண்டியதுதான், அங்க நின்னு யாரும் கருத்து சொல்லிகிட்டு இருக்க மாட்டாங்க. நான் பத்து வருஷமா காலேஜ்ல அக்கவுண்ட்ஸ் நடத்துனதும் கிட்டத்தட்ட அதே பெரட்டுதான்னு போன வருஷம்தான் எனக்கு ஒறைச்சுச்சு. வருகை எடுப்பேன் (80 சதவீதம் இல்லன்னா எங்ககிட்ட பரிட்சைக்கு விட மாட்டாங்க), ஸ்லைட போடுவேன், நடுவுல "அண்டர்ஸ்டேன்ட்?"னு கேப்பேன், முப்பது தலையும் ஆடும். எந்த தலை சும்மா ஆடுச்சுன்னு பேப்பர் திருத்தும்போதுதான் தெரியும்.

நான் இருக்கறது மலேசியாவுல சுங்கை சிப்புட். காலேஜ் பேரு வேணாம். புள்ளைங்க பாதிப்பேரு சுத்துவட்டார தோட்டத்துலேர்ந்தும் தாமான்லேர்ந்தும் (வீடமைப்பு பகுதி) மோட்டர்ல வர்றவங்க. க்ளாஸ்ல வாய தெறக்காதவங்க வெளிய ஒட்டுக்கடைல (ரோட்டோர சாப்பாட்டுக்கடை) உக்காந்தா மோட்டர் லோன் வட்டி, மாச தவணை, கடைக்காரன் எதுல எவ்ளோ அடிக்கிறான்னு பிச்சு ஒதறுவாங்க. அப்போ இவங்களுக்கு கணக்கு தெரியலன்னு எப்படி சொல்றது? ஆறு வருஷம் தமிழ்ப்பள்ளி, அப்புறம் எஸ்பிஎம் (இடைநிலைப்பள்ளி கடைசி பரிட்சை) வரைக்கும் மலாய், இங்க வந்தா ஆங்கிலம். நான் ஆங்கிலத்துல கேக்கற கேள்வி உள்ள போயி தமிழ்ல வெந்து மலாய்ல ஒரு சுத்து சுத்தி மறுபடி ஆங்கிலமா வெளிய வரணும், அதுக்குள்ள நானே பதிலையும் சொல்லிட்டு அடுத்த ஸ்லைடுக்கு போயிடுவேன்.

இந்த அவசரம் எனக்கு மட்டும் இல்லன்னு அப்புறம் படிச்சேன். மேரி பட் ரோன்னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1970கள்ல வகுப்பு பேச்சையெல்லாம் டேப்புல பதிஞ்சு கேட்டுருக்காங்க, டீச்சருங்க கேள்வி கேட்டுட்டு சராசரியா ஒரு செகண்டுதான் காத்திருக்காங்களாம். அத மூணு செகண்டுக்கு மேல இழுத்தா பதில் நீளமா வருது, வழக்கமா பேசாத புள்ளையும் பேசுது. அது சின்ன புள்ளைங்க அறிவியல் பாடத்துல பாத்தது, ஆனா எங்க புள்ளைங்களுக்கு மூணு மொழி இருக்கே, அதனால நான் மனசுக்குள்ள ஏழு வரைக்கும் எண்ணுறேன். கேக்க ஈசியா இருக்கும். நின்னு பாருங்க, அந்த ஏழு செகண்டு சாவு வீட்டுல நிக்கற மாதிரி இருக்கும், எனக்கு வேர்த்துருச்சு.

முன்னாடி கஹூட்டும் (போன்ல பதில அமுக்கற வினாடி வினா) போட்டு பாத்தேன். வேகமா அமுக்குனா பாய்ண்ட் கூட, அதனால யோசிக்கறவன் தோத்துருவான், போன்ல டாப் அப் காசு முடிஞ்சவன் வெளையாட்டுலயே இல்ல. சத்தம் நல்லா இருந்துச்சு, அவ்ளோதான்.

நின்னது வேற ஒண்ணு. ஹார்வர்ட்ல பிசிக்ஸ் நடத்தற எரிக் மசூர் 1991லேர்ந்து செஞ்சுகிட்டு வர்ற முறை. அவரோட மாணவர்களும் கடினமான கணக்கெல்லாம் போட்டுடுவாங்க, அடிப்படைய சாதாரணமா கேட்டா திணறுவாங்க. அதனால ஒரு கேள்வி போட்டு, தனியா யோசிச்சு பதில் எடுக்க சொல்லி, பக்கத்துல உள்ளவன்கிட்ட வாதாட விட்டு, மறுபடி பதில் கேப்பாரு. இப்பதான் புரிஞ்சுகிட்டவனுக்கு எங்க சிக்கும்னு ஞாபகம் இருக்கும், வாத்தியாருக்கு அது மறந்து போயிருக்கும், அதான் விஷயமே.

நான் போட்ட கேள்வி இது. 40,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) லோரி வாங்குறீங்க, வருஷம் 8,000 தேய்மானம் (லோரி பழசாகி கொறையற மதிப்பு) எழுதுறீங்க, அஞ்சு வருஷம் கழிச்சு புது லோரி வாங்க பேங்க்ல 40,000 இருக்குமா? இருக்கும்னா ஒரு வெரல், இல்லன்னா ரெண்டு, நெஞ்சோட ஒட்டி வச்சுக்கணும், பக்கத்துல உள்ளவன் பாத்து மாத்தக்கூடாது. பாதிக்கு மேல ஒரு வெரல்! எல்லாரும் தேய்மானம் போடற கணக்கு சரியா செஞ்சவங்க. எந்த மொழில வேணாலும் ரெண்டு நிமிஷம் அடிச்சுக்குங்கன்னு விட்டேன். மூணாவது வரிசைல ஒரு பொண்ணு பக்கத்துல உள்ளவள பிடிச்சு, "ஏய், லோரிதான் தேயுது, காசு எங்கடி சேருது, நீ உண்டியல்லயா போட்ட?"ன்னு கேட்டுச்சு. அந்த உண்டியல் பத்து வருஷமா எனக்கு தோணவே இல்ல. மறுபடி வெரல் கேட்டப்ப அஞ்சாறு பேருதான் ஒண்ணு.

அப்போ கடைசி வரிசைலேர்ந்து, செம்பனை குலை ஏத்தற மாமா லோரில லீவுக்கு போற பையன், வருஷம் முழுக்க வருகைக்கு மட்டும் வாய் தெறந்தவன், கேட்டான்: "சார், மாமா லோரி பதினஞ்சு வருஷமா ஓடுது, அப்ப கணக்கு புத்தகத்துல அதுக்கு வெலையே இல்லியா?" நான் எண்ண ஆரம்பிச்சேன். அஞ்சு வர்றதுக்குள்ள அந்த பொண்ணே திரும்பி, "புத்தகத்துல செத்துருச்சு, ரோட்டுல உசுரோட இருக்கு"ன்னுச்சு.

எல்லாம் சொர்க்கம்னு நெனச்சுக்காதீங்க. அந்த ரெண்டு நிமிஷத்துல பந்து வெளையாட்டு பேசற கூட்டம் இருக்கு, ராத்திரி பெட்ரோல் ஸ்டேஷன்ல நின்னுட்டு வந்து தூங்கறவனும் இருக்கான், அவன நான் எழுப்பறதில்ல. பாடமும் மெதுவாதான் நகருது, ரெண்டு தலைப்ப வீட்டுல படிக்க சொல்லிட்டேன். மேலிடத்துலேர்ந்து ஒருத்தர் எட்டி பாத்துட்டு என்ன சந்தக்கடை மாதிரி இருக்குன்னாரு. 2014ல 225 ஆய்வ சேத்து பாத்ததுல, வெறும் லெக்சர் கேட்ட வகுப்புல 34 சதவீதம் ஃபெயில், புள்ளைங்கள செய்ய விட்ட வகுப்புல 22 சதவீதம்னு வந்துச்சேன்னு சொன்னேன். அதெல்லாம் அறிவியல், கணிதம், பொறியியல் பாடமாச்சேன்னாரு. அது உண்மைதான், எங்க அக்கவுண்ட்ஸ் அதுல இல்ல, ஒத்துக்கிட்டு வந்துட்டேன்.

அடுத்த வாரம் வாராக்கடன். அத சொல்லிக்கொடுக்க ஒட்டுக்கடை அக்காகிட்ட கடன் எழுதற 555 புத்தகத்த ரெண்டு நாளைக்கு கேட்டேன். தர மாட்டேன்னுட்டாங்க, அதுல என் க்ளாஸ் புள்ளைங்க பேரே நாலு இருக்காம்.