டிரம்மர் மாறும்போதெல்லாம்

குன்னூரில் ராக் பேண்ட் நடத்துவதென்றால் முதல் வேலை ஆள் தேடுவது. பாட்டெல்லாம் அப்புறம்தான். பிளஸ் டூ முடித்தவன் கோவைக்குப் படிக்கப் போவான், படிப்பை முடித்தவன் பெங்களூருக்கோ சென்னைக்கோ வேலைக்குப் போவான். மலையில் தங்குகிறவர்களுக்குத் தேயிலை, டூரிஸ்ட் தொழில், ராணுவம் என்று சில வழிகள்தான் உண்டு. இல்லாவிட்டால் அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை. எங்கள் ரிதம் கிட்டாரிஸ்டுக்கு அங்கே இடம் கிடைத்தது. ஊரை விட்டுப் போகாமலே குழுவை விட்டுப் போனவர் அவர் ஒருவர்தான். காரணம், ஷிப்ட்.

நான் வாசிப்பது பேஸ் கிட்டார், தாழ்ந்த சுரங்களுக்கான கிட்டார். பகலில் ஒரு டீ ஃபேக்டரியில் கணக்கு எழுதுகிறேன். அங்கேயே பழைய குடோன் ஒன்றின் சுவரில் காலிச் சாக்குகளைத் தொங்கவிட்டுப் பயிற்சி செய்கிறோம். எதிரொலி ஓரளவு அடங்கும். தகரக் கூரைக்கு மட்டும் வழியில்லை, அதன் மிகத் தாழ்ந்த ‘இ’ (E) தந்தியைத் தொட்டாலே கூரை அதிரும்.

பாடகர் மாறினால் கேட்பவர்களுக்குத் தெரிந்துவிடும். டிரம்மர் மாறினால் முதலில் மாட்டிக்கொள்வது நான்தான். பேஸும், காலால் மிதித்து அடிக்கும் கிக் டிரம்மும் ஒன்றாக விழ வேண்டும். முதலில் இருந்தவர் ஒவ்வொரு அடியையும் ஒரு நூல் தாமதமாகவே போடுவார். அவரோடு வாசிக்கையில் சுரத்தை நீள விடுவேன். அடுத்து வந்த பையன் சர்ச்சில் வளர்ந்தவன், முந்திக்கொண்டே போவான். அவனோடு அதே சுரத்தைச் சட்டென்று வெட்ட வேண்டியிருந்தது. வாசித்தது அதே சுரங்கள்தான், பாட்டு மட்டும் வேறாகிவிட்டது. அதன் பிறகு, புதிதாக வருகிறவரிடம் பழைய ரெக்கார்டிங்கைக் கொடுத்து இதே மாதிரி வாசி என்று சொல்வதை நிறுத்திவிட்டோம். போனவரை நகலெடுக்கச் சொன்னால் வந்தவர் பயந்து பயந்துதான் வாசிப்பார்.

மாற்று ஆளுக்கு நாங்கள் விசாரிப்பது சர்ச்சுகளில்தான். ஞாயிறு ஆராதனையில் கீபோர்டும் டிரம்ஸும் வாசித்துப் பழகிய பிள்ளைகள் இங்கே நிறைய. நேரம் தவறமாட்டார்கள், கார்டு (chord), அதாவது சுரக்கூட்டுக் குறிப்பு, பார்த்து வாசிப்பார்கள். ஆனால் சனி இரவு ஊட்டியில் நிகழ்ச்சி என்றால் ஞாயிறு காலையை நினைத்து முகம் வாடும். டிசம்பரில் கிறிஸ்துமஸ் கேரல் பாட்டு வேறு. ரிசார்ட்டுகள் நம்மைத் தேடுவதும் அப்போதுதான்.

ரிசார்ட் நிகழ்ச்சியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மே மாதம் மலர்க் கண்காட்சிக் கூட்டம், தெரிந்த பாட்டுகள், இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தியாக வேண்டும். ஓரிடத்தில் பாதிப் பணம் இன்னும் வரவில்லை.

நான் உண்மையில் தொழில் கற்றது படுகர் கல்யாண வீடுகளில். கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், வரவேற்பு முடிந்ததும் படுகப் பாட்டு வாசிக்கக் கேட்டார்கள். ஆறு எண்ணிக்கையில் உருளுகிற நடை. வெள்ளை உடுத்திய பெரியவர்கள், சுடிதார் போட்ட பெண்கள், பள்ளிப் பிள்ளைகள் என எல்லோரும் வட்டமாக ஆடுகிறார்கள். எங்கள் டிரம்மருக்கு உற்சாகம் தாங்கவில்லை. நாலு வரிக்கு ஒருமுறை தாளத்தை விட்டு உருட்டி ஒரு ஃபில், அதாவது அலங்கார அடி, போட்டார். வட்டம் தடுமாறியது. மறுபடி சேர்ந்தது, மறுபடி தடுமாறியது.

ஒரு பெரியவர் மேடையருகே வந்து, "தம்பி, நல்லா வாசிக்கிறீங்க. ஆனா கால எங்க வைக்கிறதுன்னு எங்களுக்குத் தெரியணுமில்ல?" என்றார்.

"சரிங்கய்யா" என்று தலையாட்டிவிட்டு டிரம்மர் கிக்கும், குச்சியால் அடிக்கும் ஸ்நேர் டிரம்மும் மட்டும் வாசித்தார். வேகம் ஏறவில்லை, இறங்கவில்லை. நானும் அலங்காரங்களை விட்டுவிட்டு இரண்டே சுரங்களில் நின்றேன். அந்தப் பாட்டு எவ்வளவு நேரம் போனது என்று தெரியாது, யாரும் நிறுத்த விடவில்லை. இந்த மலையில் கோத்தர் பழங்குடியினரின் குழலும் பறையும் காலங்காலமாகச் செய்துவந்த வேலை இது. ஆடுகிறவர்களுக்காக வாசிப்பது. ராக் மேடையில் எதிரே இருப்பவர்கள் நம்மைப் பார்ப்பார்கள். இங்கே எங்களை ஒருவர்கூடப் பார்க்கவில்லை. அதில் சின்ன வருத்தம் இருந்ததையும் சொல்லத்தான் வேண்டும்.

வெளியூர் நிகழ்ச்சி என்றால் வேறு தொல்லை. இங்கே பனியில் சுருதி சேர்த்த கிட்டாரை மேட்டுப்பாளையம் வெயிலில் இறக்கினால் தந்தி தளர்ந்து சுருதி இறங்கியிருக்கும். மழைக்காலத்தில் ஈரம் குடித்துக் கழுத்துக் கட்டையே வளையும். கழுத்தை நிமிர்த்தும் திருகைத் திருப்ப ஆலன் கீ இல்லாமல் நான் கிளம்புவதில்லை.

இப்போது டிரம்ஸ் வாசிப்பவர் ஊட்டியில் கல்லூரிக் கடைசி வருடம் படிக்கும் பெண். வந்த முதல் வாரமே எங்கள் வேகமான பாட்டு ஒன்றைப் பாதி நடையில் ஆரம்பித்தார். பாடகர் முறைத்தார். இரண்டாம் சரணம் வந்தபோது மூச்சு வாங்க இடம் கிடைத்தது என்று அவரே ஒப்புக்கொண்டார். படிப்பு முடிந்ததும் இவரும் பெங்களூரு போகலாம். அதனால் சர்ச்சிலிருந்து ஒரு ஒன்பதாம் வகுப்புப் பையனை சனிக்கிழமைகளில் வரச் சொல்லியிருக்கிறோம். இப்போதைக்கு டம்பூரின் (சலங்கை வைத்த கைப்பறை) தட்டுகிறான். அவனுடைய அம்மாவுக்கு நாங்கள் கொடுத்த ஒரே வாக்குறுதி, ஆறு மணிக்குள் வீட்டில் விட்டுவிடுவோம் என்பதுதான்.