தகரப் பரலுக்குள் ஒரு விண்வெளி நடை

பாடசாலைக் கண்காட்சியில் சர்வதேச விண்வெளி நிலையம் என்றால் ரெஜிபோம் என்ற வெள்ளை நுரைப் பலகைதான். வெட்டி, வெள்ளிக் கடதாசி சுற்றி, நீலக் கடதாசியில் சோலார் தகடு ஒட்டி வைத்திருப்பார்கள். பக்கத்தில் ஒரு பிள்ளை நின்று நீளம் 109 மீற்றர், உயரம் 400 கிலோமீற்றர் என்று ஒப்புவிக்கும். பார்க்க வடிவாகத்தான் இருக்கும். ஆனால் இதை யார், எப்படிப் பூட்டினார்கள் என்று கேட்டால் பிள்ளை முகட்டைப் பார்க்கும். நடுவராகப் போன இடங்களில் இதைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

ஆகவே கிளிநொச்சியில் எங்கள் பாடசாலையின் முறை வந்தபோது உயர்தரப் பிள்ளைகளிடம் சொன்னேன்: நிலையத்தைச் செய்ய வேண்டாம், அதைப் பூட்டும் வேலையைச் செய்வோம், வருகிறவர்கள் தாங்களே கைவிட்டுப் பார்க்கட்டும். அதை எப்படி ஒப்பேற்றினோம் என்பதை எழுதி வைக்கிறேன். வேறு பாடசாலைகளுக்கும் உதவும்.

முதலில் கதையைச் சொன்னேன். 1998 நவம்பரில் ரஷ்ய ரொக்கெட்டில் சார்யா என்ற பகுதி மேலே போனது. டிசம்பரில் எண்டெவர் ஓடம் யூனிற்றி என்ற பகுதியைக் கொண்டுபோய் அதனோடு பொருத்தியது. பொருத்தியவுடன் வேலை முடியவில்லை. மின்சாரமும் தகவலும் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக வேண்டுமே. ஜெரி ரோஸ், ஜேம்ஸ் நியூமன் என்ற விண்வெளி வீரர்கள் இருவர் வெளியே இறங்கி, முதல் விண்வெளி நடையிலேயே 7 மணித்தியாலத்துக்கு மேல் நின்று, 40 கேபிள்களையும் இணைப்பிகளையும் கையால் பூட்டினார்கள். அப்புறம் 2011 வரை துண்டு துண்டாக இதே வேலைதான். கட்டி முடிக்க நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நடைகள் தேவைப்பட்டன.

"சேர், பிளக் குத்துறதுக்கு ஏழு மணித்தியாலமா?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் தகரப் பரல் (பீப்பாய்) வந்தது.

விஷயம் கையுறையில் இருக்கிறது. விண்வெளி உடைக்குள்ளே ஒட்சிசன், அமுக்கம் கடல் மட்ட வளியமுக்கத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. வெளியே வெற்றிடம். அதனால் கையுறை உப்பி விறைத்து நிற்கும். ஒவ்வொரு தடவை விரலை மடக்கும்போதும் அந்த அமுக்கத்தோடு மல்லுக்கட்ட வேண்டும். ஆறேழு மணித்தியாலம் இப்படிச் செய்து நகம் கழன்று போனவர்கள் இருக்கிறார்கள். இதைச் சொல்லி விளங்கவைக்க முடியாது. ஒரு பெட்டிக்குள் கையுறையைப் பொருத்தி, பெட்டியின் காற்றை உறிஞ்சினால், வெளியிலுள்ள சாதாரண காற்றே கையுறையை உள்ளே உப்பவைக்கும். கொள்கை அவ்வளவுதான்.

பெட்டிக்கு என்ன செய்வது? கண்ணாடிப் பெட்டி விலை கட்டாது, உடைந்தால் ஆபத்தும் கூட. ஏ-9 வீதியோரம் கராஜ் வைத்திருக்கும் அண்ணை ஒருவரிடம் போனேன். பழைய எண்ணெய்ப் பரல் ஒன்றைக் காட்டினார். "காத்தை உறிஞ்சினா மூடி உள்ள போகும் சேர், குறுக்கால ஆங்கிள் அடிச்சுத் தாறன்" என்று அவரே கணக்குப் போட்டுவிட்டார். பக்கவாட்டில் இரண்டு வட்டம் வெட்டி நாலு இஞ்சி பைப் துண்டுகளைச் செருகி, சுற்றிவர பசை பூசினோம். மேல் மூடியில் ஒரு கை அகலத்துக்கு ஜன்னல். ஜன்னலுக்குக் கடையில் முதலில் தந்த மெல்லிய பேர்ஸ்பெக்ஸ் பரீட்சித்தவுடனேயே உள்ளே குழிந்துவிட்டது. 8 மில்லிமீற்றர் தடிப்பில் வாங்கிப் போட்ட பிறகு அசையவில்லை. உள்ளே இருட்டாக இருக்கும் என்பதால் எல்.ஈ.டி. விளக்கு ஒன்றும் வைத்தோம்.

கையுறைக்கு வயலில் மருந்தடிக்கும்போது போடும் நீள றப்பர் கையுறையை எடுத்தோம். காற்றை உறிஞ்சியதும் விரல்கள் ஐந்தும் தனித்தனி பலூனாகி ஜன்னல்வரை வந்துவிட்டன. றப்பர் மட்டும் போதாது, அதை அடக்கிப் பிடிக்க மேலே இழுபடாத துணி வேண்டும். உண்மையான கையுறையிலும் காற்றைப் பிடிக்கும் பை ஒன்று, அது ஊதிப் பெருக்காமல் தடுக்கும் துணிப் படை இன்னொன்று என்று இரண்டும் உண்டு. தையல் வேலை செய்யும் தாய் ஒருவர் பழைய ஜீன்ஸ் காலை வெட்டி, விரல் அளவெடுத்து, மேலுறை தைத்துத் தந்தார். முழங்கைப் பக்கத்தை பைப்பில் மாட்டி ஹோஸ் கிளிப் போட்டு இறுக்கினோம்.

உறிஞ்சுவதற்கு வாகனம் கழுவும் இடத்திலிருந்து பெரிய வக்கியூம் கிளீனரை இரவலாக எடுத்தோம். எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அறிய, தண்ணீர் வாளியில் ஒளி புகும் குழாயின் ஒரு முனையை விட்டு மறுமுனையைப் பரலில் பொருத்தினோம். தண்ணீர் என் தலைக்கு மேல் ஏறி நின்றது. அப்படியென்றால் உண்மையான உடையின் அமுக்கத்தில் பாதிக்கு மேல். பௌதிகவியல் கொப்பியில் மனனம் செய்த அமுக்கமானியைப் பிள்ளைகள் அன்றைக்குத்தான் நம்பினார்கள் என்று நினைக்கிறேன்.

இங்கே ஒரு எச்சரிக்கை. காற்றை உறிஞ்சும்போது பரல் ஆளின் கையையும் உள்ளே இழுக்கும். நாலு இஞ்சி வாயில் பன்னிரண்டு கிலோவுக்கு மேல் தூக்கிய பாரம் மாதிரி இருக்கும். ஆகவே மூடியில் இன்னொரு துளை போட்டு, றப்பர்த் துண்டால் மூடி வைத்தோம். ஏதும் என்றால் பக்கத்தில் நிற்பவர் அதைத் தட்டிவிட்டால் போதும், காற்று உள்ளே போய்விடும். சின்ன வகுப்புப் பிள்ளைகளைக் கைவிட நாங்கள் அனுமதிக்கவில்லை.

வேலை என்னவென்றால், உள்ளே ஒரு பலகையில் நான்கு போல்ட், இரண்டு மின் இணைப்பிகள். விண்வெளி நிலையத்தில் வெளியே கழற்றிப் பூட்டும் போல்ட்டுகளின் தலை பெரும்பாலும் 7/16 அங்குலம். எல்லாவற்றுக்கும் ஒரே சொக்கட் போதும் என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். கராஜ் அண்ணை "அது எங்கட பதினொண்டுதானே" என்று 11 மில்லிமீற்றர் சொக்கட்டைத் தூக்கித் தந்தார். கிட்டத்தட்ட சரிதான். இணைப்பிகளுக்கு நீளமான நெம்புபிடி வைத்தோம், ஏனென்றால் அங்கேயும் அப்படித்தான். விரல் நுனியால் திருகுகிற எதையும் அந்தக் கையுறையோடு செய்ய முடியாது. மேலே போன ஒவ்வொரு பொருளும் அந்தத் தடித்த கையுறையை மனதில் வைத்து வரையப்பட்டது.

ஸ்பானர், போல்ட் எல்லாவற்றையும் நூலால் கட்டினோம். 2008 நவம்பரில் விண்வெளி வீராங்கனை ஹைடிமரி ஸ்டெஃபனிஷின்-பைப்பர், பைக்குள் கசிந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கருவிப் பை கைநழுவிப் போய்விட்டது. பிறகு மாதக்கணக்கில் அது தனிச் செய்மதியாகப் பூமியைச் சுற்றியது. தொலைநோக்கி வைத்திருந்த ஆர்வலர்கள் அதைத் தேடிப்பிடித்துப் பார்த்தார்கள்.

ஆட்கள் தங்களைக் கட்டிக்கொள்வதைக் காட்ட, தொலைபேசிக் கோபுரங்களில் ஏறி வேலை செய்யும் என் பழைய மாணவனைக் கூப்பிட்டேன். இரண்டு கொளுக்கி உள்ள தன் பட்டியைக் கொண்டுவந்தான். புதிய இடத்தில் ஒன்றைக் கொளுவாமல் பழையதைக் கழற்றுவதில்லை. விண்வெளியிலும் இதே ஒழுங்குதான். மாமரத்தடியில் ஏணி போட்டு ஏறி அவன் காட்டிய விளக்கத்துக்குக் கூடிய கூட்டம், நான் மண்டபத்துக்குள் கொடுத்த விளக்கத்துக்குக் கூடவில்லை.

சுழல் கதிரை யோசனை பிள்ளைகளுடையது. கதிரையில் இருந்து காலைத் தூக்கிக்கொண்டு, சுவரில் பூட்டிய ஒரு சில்லைத் திருப்ப வேண்டும். சில்லு திரும்பாது, ஆள்தான் திரும்புவார். மிதக்கிற இடத்தில் ஸ்பானர் பிடித்தாலும் இதுதான் நடக்கும் என்பதால்தான் காலைக் கொழுவும் மிதிபலகை இல்லாமல் அங்கே பாரமான வேலை ஒன்றும் நடக்காது. நீச்சல் பயிற்சியையும் காட்டலாம், இரணைமடுக் குளத்தில் இறங்கலாம் என்றும் ஒருவன் சொன்னான். ஹூஸ்டனில் 12 மீற்றர் ஆழமான தடாகத்தில், பக்கத்தில் மீட்பாளர்களை நிறுத்தித்தான் பயிற்சி கொடுக்கிறார்கள் என்று சொல்லி, அந்தக் கதையை அத்தோடு விட்டுவிட்டோம். அதிபர் வரை போயிருந்தால் பரலும் சேர்ந்து போயிருக்கும்.

கண்காட்சியில் பெரியவர்கள்தான் வரிசையில் கூட நின்றார்கள். நல்ல பலசாலி இளைஞர்கள் இரண்டாவது போல்ட்டோடு கையை உதறிக்கொண்டு வெளியே எடுத்தார்கள். அவசரப்படாமல், ஒவ்வொரு விரலாக வைத்துத் திருப்பிய தையல்கார அம்மா நான்கையும் பூட்டினார். கண்ணிவெடி அகற்றும் வேலைக்குப் போகும் ஒரு தாய், பரலைவிட சுவரில் ஒட்டியிருந்த விண்வெளி வீரர் கிறிஸ் ஹாட்ஃபீல்டின் கதையைத்தான் நின்று வாசித்தார். 2001 ஏப்ரலில் நிலையத்தின் பெரிய இயந்திரக் கையைப் பூட்டும்போது, முகக்கண்ணாடியில் புகார் படியாமல் பூசும் திரவம் கண்ணுக்குள் போய் அவருக்குப் பார்வை மறைந்துவிட்டது. எடையில்லாத இடத்தில் கண்ணீர் கீழே வடியாது, திரண்டு மற்றக் கண்ணுக்கும் பரவும். "முகமூடியைத் திறந்து துடைக்கவும் ஏலாதே" என்றார் அந்தத் தாய். வெயிலில் தானும் முகமூடியோடு குந்தியிருந்து மண்ணைச் சுரண்டுகிறவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

எனக்குப் பிடித்தது கடைசிச் சுவரில் இருந்த 2007 நவம்பர் சம்பவம். விரிக்கும்போது சோலார் தகடு கிழிந்தது. அதில் மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தது, நிறுத்தவும் வழியில்லை. உள்ளே இருந்தவர்கள் கம்பியையும் அலுமினியத் துண்டுகளையும் வைத்துப் பிணைப்புகள் செய்தார்கள். விண்வெளி வீரர் ஸ்கொட் பராசின்ஸ்கி நீண்ட கோலின் நுனியில் நின்று, கருவிகளின் உலோகப் பகுதிகளை நாடாவால் சுற்றிக்கொண்டு போய், ஐந்து பிணைப்புகளைப் போட்டுக் கிழிசலை இழுத்துக் கட்டினார். கராஜ் அண்ணை இதை வாசித்துவிட்டு, "சாமான் வரும்வரைக்கும் நாங்களும் உப்பிடித்தான் ஓட்டுறது" என்றார்.

பரல் இப்போது முல்லைத்தீவுப் பக்கப் பாடசாலை ஒன்றில் இருக்கிறது. நீங்களும் செய்வதாக இருந்தால் கையுறையை ஒரு அளவு பெரிதாகவும் முழங்கை தாண்டும் நீளத்திலும் வாங்குங்கள், மேலுறைத் தையலை இரட்டையாகப் போடச் சொல்லுங்கள். வக்கியூம் கிளீனரைத் தொடர்ந்து ஓடவிட வேண்டாம், மூச்சடைத்து ஓடும்போது மோட்டார் விரைவில் சூடாகிவிடும். ஒவ்வொரு ஆளுக்கும் இடையில் அணைத்து ஆறவிட்டால் நாள் முழுக்க ஓடும்.