வாங்கியின் சமிக்ஞை: ஆய்வுகூட நாட்குறிப்பு

2025 ஜூன் 6

இன்று கலங்களை ஒவ்வொன்றாக எண்ணி வகைபிரிக்கும் புளோ சைட்டோமெட்ரியில் பார்த்த குருதி மாதிரிகளுள் மூன்று வயது ஆண்பிள்ளை ஒருவனுடையதும் இருந்தது. நோயெதிர்ப்புக்கான வெண்குருதிக் கலங்களுள் ரீ கலங்கள் குறைவின்றி இருக்க, பிறபொருளெதிரிகளை (கிருமியைப் பற்றும் புரதங்களை) ஆக்கும், சீடி19 என்னும் மேற்பரப்புக் குறியுள்ள பீ கலங்கள் தோன்றவேண்டிய இடம் வெறுமையாகக் கிடந்தது. சாயமிடுவதில் தவறிவிட்டேனோ என்ற பயத்தில் மறுபடியும் செய்தேன், மாற்றமில்லை. ஆறு மாதம் வரை சுகமாயிருந்த பிள்ளைக்கு அதன்பின் நிமோனியாவும் காதுச்சீழும் மாறி மாறி வந்ததாகக் கோரிக்கைத் தாளில் எழுதியிருந்தார்கள். அந்த ஆறு மாதமும் அவனைக் காத்தவை, கருவிலேயே தாயிடமிருந்து வந்துசேர்ந்த பிறபொருளெதிரிகள்.

ஜூன் 7

வெள்ளவத்தைக்குத் திரும்பும் பேருந்திலும் அந்த வெறுமையையே நினைத்துக்கொண்டிருந்தேன். என்பு மச்சையில் உருவாகும் பீ கலம் முதலில் தன் வாங்கியின், அதாவது கிருமியை இனங்காணும் மேற்பரப்புப் புரதத்தின், பாரமான சங்கிலியை மட்டும் அமைக்கிறது. இலேசான சங்கிலி இன்னும் ஆயத்தமாகாததால், அதற்குப் பதிலாக வேறொரு துணைச் சங்கிலியைச் சேர்த்துக் கலமென்சவ்வில் நிறுத்துகிறது. அமைப்புச் சரியாயின், எந்தக் கிருமியும் தொடாமலே உள்ளே சமிக்ஞை எழுகிறது. சிக் என்னும் நொதியமும் அதைத் தொடர்ந்து பீடீகே என்னும் நொதியமும் தூண்டப்பட, கலம் பலமுறை பிரிந்து அடுத்த படிக்குச் செல்கிறது. பீடீகே பழுதானால், சங்கிலி எவ்வளவு செம்மையாக இருந்தாலும் அச்செய்தி போய்ச் சேராது. அநேகமான கலங்கள் அந்தப் படியிலேயே நின்றுவிடுகின்றன. அமெரிக்க மருத்துவர் ஒக்டன் புரூட்டன் 1952இல் எட்டு வயதுச் சிறுவனொருவனில் விவரித்த நோய் இதுவே. எக்ஸ் நிறமூர்த்தத்திலுள்ளதால் தாய்வழியாக ஆண்பிள்ளைகளைத் தாக்கும் அதன் பரம்பரையலகுப் பழுது 1993இல் இனங்காணப்பட்டது. அதே பரம்பரையலகு பழுதான எலியில் பீ கலங்கள் கணிசமாக எஞ்சுகின்றன என்பதால், எலியில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்த நான் தயங்குவதுண்டு.

ஜூன் 10, பொசன் போயா

விடுமுறை நாளாகையால் வீட்டிலிருந்து வாசித்தேன். முதிர்ந்த கலத்துக்கும் அந்தச் சமிக்ஞை தேவை. ஜேர்மன் நோயெதிர்ப்பியலாளர் கிளவுஸ் ராயெவ்ஸ்கியின் குழுவினர் 1997இல் எலியின் முதிர்ந்த பீ கலங்களிலிருந்து வாங்கியை நீக்கியபோது, தொற்று எதுவும் இல்லாமலே அக்கலங்கள் மடிந்தன. என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது இதுதான்: வாங்கியைக் கிருமி தட்டும் கதவென்றே படித்து வந்தோம், ஆனால் கதவு சும்மா இருக்கும்போதும் அதிலிருந்து வரும் மெல்லிய சமிக்ஞைதான் கலத்தை உயிரோடு வைத்திருக்கிறது. அச்சமிக்ஞை மிகையாவதும் ஆகாது. உடலின் சொந்தப் பொருளை இறுகப் பற்றும் இளங்கலம் தன் இலேசான சங்கிலியை மாற்றியமைக்க முயல்கிறது. அதுவும் பயனளிக்காவிடில் பெரும்பாலும் அழிகிறது.

ஜூன் 12

மருத்துவரைச் சந்தித்துவிட்டு வந்த தாய், தன் தம்பியும் இரண்டு வயதில் நிமோனியாவில் இறந்ததாகச் சொன்னார். பரம்பரையலகுப் பரிசோதனைக்கு மாதிரி எடுத்தோம். பிள்ளைக்கு மூன்று நான்கு வாரத்துக்கொரு முறை இம்யூனோகுளோபுலின், அதாவது பிறரின் குருதியிலிருந்து பெற்ற பிறபொருளெதிரிகள், ஏற்றவேண்டியிருக்கும். புறப்படும்போது, தன் தங்கைக்கும் ஆண்குழந்தை பிறந்திருக்கிறதே என்றார். உயிருள்ள போலியோச் சொட்டு மருந்து இத்தகைய பிள்ளைகளுக்கு ஆபத்தானது என்பதால், அவரை உடனே மருத்துவரிடம் திரும்ப அழைத்துச் சென்றேன். இரண்டாம் மாதச் சொட்டு மருந்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது; அக்குழந்தையின் குருதி நாளை காலை எங்களுக்கு வருகிறது.