நான் பேசியது பெண்பால் அரபி

ஓமானின் ஸலாலாவில் வந்து இறங்கியபோது ஜூலை மாதம். வளைகுடா என்றால் மணலும் வெயிலும்தான் என்று மனசைத் தயார் பண்ணிக்கொண்டு வந்தவளுக்கு, வெளியே சாரல். இதற்கு இங்கே கரீஃப் என்று பெயர். ஜூன் கடைசியில் தொடங்கி செப்டம்பர் வரைக்கும் தோஃபார் மலையெல்லாம் மூடுபனியும் பச்சையும்தான். ரோட்டோரம் தென்னை, வாழை, இளநீர்க் கடைகள். கருங்கலிலிருந்து தேங்காய்ப்பட்டணம் போகிற வழிதானோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது. வார்டில் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே அந்த நினைப்பு போய்விட்டது. பேச்சு புரியவில்லை.

எனக்குக் கிடைத்த முதல் அரபி முழுக்கக் காதால் பொறுக்கியது. ஓமானி நர்ஸ்கள் என்னிடம் எதைச் சொன்னார்களோ அதைத்தான் நானும் திருப்பிச் சொன்னேன். ‘தஆலீ’ என்றால் வா, ‘இஜ்லிஸீ’ என்றால் உட்கார். மூன்றாவது வாரம், வெள்ளைத் தாடியும் தலையில் சுற்றிய முஸருமாக ஒரு மலைக்கிராமத்துப் பெரியவர் கட்டு மாற்ற வந்தார். நாற்காலியைக் காட்டி, முடிந்தவரை பணிவாக, ‘இஜ்லிஸீ’ என்றேன். அவர் திரும்பித் தனக்குப் பின்னால் யாராவது பெண் நிற்கிறாளா என்று பார்த்தார். அப்புறம் அறையே சிரித்தது. அவரும்தான்.

விஷயம் என்னவென்றால், அரபியில் ‘நீ’ என்பதே இரண்டு. ஆணுக்கு அன்த, பெண்ணுக்கு அன்தி. ஏவலும் அப்படித்தான்: ஆணிடம் இஜ்லிஸ், பெண்ணிடம் இஜ்லிஸீ. தமிழில் அவன், அவள் என்று ஆளில்லாத இடத்தில்தான் பால் பார்ப்போம். எதிரே நிற்பவர் ஆணோ பெண்ணோ, ‘உட்காருங்க’ ஒன்றுதான். நான் கேட்டதெல்லாம் எனக்குச் சொல்லப்பட்டவை. ஆக, என் அரபி முழுக்கப் பெண்பாலாகிவிட்டது.

அன்று சாயங்காலம் தையல்கடை அண்ணாச்சியிடம் இதைச் சொன்னேன். தேங்காய்ப்பட்டணத்துக்காரர். சின்ன வயதில் ஊரில் ஓதப் படித்தவர், இங்கே வந்து பேச்சையும் பழகிக்கொண்டவர். மிஷினை நிறுத்திவிட்டு, “மக்ளே, நீ பேச்சைப் பிடிக்காதே, வேரைப் பிடி” என்றார்.

வேர் என்பது பெரும்பாலும் மூன்று மெய்யெழுத்து. ஜ், ல், ஸ் என்றால் உட்காருவது சம்பந்தப்பட்டது. ஜலஸ, அவன் உட்கார்ந்தான். ஜலஸத், அவள் உட்கார்ந்தாள். ஜலஸ்து, நான் உட்கார்ந்தேன். உட்கார்ந்து பேசும் இடம் மஜ்லிஸ். நம் வினைமுற்றைப் போலவே வாலில்தான் யார் என்று தெரிகிறது. ஆனால் தமிழில் வேர் அசையாமல் நிற்க, ஒட்டெல்லாம் பின்னால் சேரும். இங்கே மூன்று எழுத்தும் எலும்பு மாதிரி நிற்க, இடையில் உயிர் மாறி மாறி வருகிறது. அதனால் அகராதி பார்ப்பதும் சுற்றுவழிதான். மஜ்லிஸை ‘ம’வில் தேடினால் பழைய அகராதிகளில் கிடைக்காது, மகரத்தை உரித்துவிட்டு ஜ-ல-ஸ என்று போக வேண்டும். என் வேலைப் பெயரே ஒரு வேடிக்கை. நோய் மரள், நோயாளி மரீள், நர்ஸ் முமர்ரிளா. நோயும் நானும் ஒரே வேர்.

அண்ணாச்சி அடுத்துச் சொன்னதுதான் எனக்குப் பெரிய திறவுகோல். “உங்க அப்பா கேஸுக்குக் குழித்துறை கோர்ட்டுக்கு நடந்தாரே, அங்கே கேட்ட வார்த்தையெல்லாம் சொல்லு பார்ப்போம்.” வக்கீல், ஜாமீன், வாரிசு, ஆஜர், அசல், நகல், ஜப்தி என்று அடுக்கினேன். அத்தனையும் அரபி வேர். பாரசீகம், உருது வழியாக நம் கோர்ட்டு, கச்சேரிகளுக்கு வந்து சேர்ந்தவை. வக்கீலின் அதே ஓசையில்தான் மரீளும் இருக்கிறது, விசா பேப்பரில் ஸ்பான்சருக்கு வருகிற கஃபீலும் இருக்கிறது. ஆஜர், ஜாமீன், வாரிசு மூன்றும் அரபியில் ஹாளிர், ளாமின், வாரித். மூன்றுக்கும் ஒரே அச்சு, செய்கிறவர் அல்லது இருக்கிறவர் என்ற பொருள். செய்யப்பட்டதற்கு வேறு அச்சு: மக்தூப், எழுதப்பட்டது. அதே அச்சில்தான் நம்ம மாமூலும் மகசூலும். வழக்கமாகச் செய்யப்படுவது மாமூல்! தாலுகா ஆபீஸில் அந்தச் சொல் எந்தப் பொருளில் புழங்குகிறது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. மகசூலும் தாசில்தாரும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்று தெரிந்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. திரட்டுவது, பெறுவது என்கிற வேர். ஒருத்தன் வயலில் பெறுகிறான், இன்னொருத்தர் அவனிடம் பெறுகிறார்.

ஆஜர், ஜாமீன், ஜப்தி, ரம்ஜான். இந்த நாலிலும் ஜ வருகிற இடத்தில் அரபியில் ஒரே எழுத்துதான். அதை நம் ஊர் முஸ்லிம்கள் ள போட்டு ரமளான் என்று எழுதுகிறார்கள். பாரசீகர் வாயில் அது ஸகரத்தின் அதிர்வொலியாக மாறி, தமிழுக்கு வரும்போது ஜ ஆகிவிட்டது. தங்கள் மொழியையே அந்த எழுத்தின் பெயரால் அழைத்துப் பெருமைப்படுகிறவர்கள் அரபுகள். நாம் ழகரத்தைச் சொல்லிக்கொள்கிற மாதிரி.

எனக்கு ஊர் அதங்கோட்டுக்குப் பக்கம். தொல்காப்பியத்தைக் கேட்டுத் தேர்ந்தவர் அதங்கோட்டாசான் என்று அதன் பாயிரம் சொல்கிறது. அது எங்கள் அதங்கோடுதான் என்பதில் ஊரில் ஒருத்தருக்கும் சந்தேகம் கிடையாது. அப்படிப்பட்ட மண்ணில் பிறந்தும் பள்ளியில் இலக்கணம் என்றால் எனக்கு வேம்பு. இங்கே வந்து அந்த வேம்பைத்தான் திரும்ப மென்றேன். நமக்குப் பெயர், வினை, இடை, உரி என்று சொல் நான்கு. அரபிக்கு மூன்று: இஸ்ம், ஃபிஅல், ஹர்ஃப். உரிச்சொல்லை அவர்கள் தனியே வைக்கவில்லை, பெயருக்குள்ளேயே அடக்கிவிட்டார்கள்.

சில இடங்களில் தமிழ் தெரிந்தவருக்கு லாபம். ‘இது மருந்து’ என்பதை அப்படியே ‘ஹாதா தவா’ என்று சொல்லிவிடலாம். நடுவில் ஆங்கிலத்தைப் போல எதையும் செருக வேண்டாம். புணர்ச்சியும் புதிதில்லை. அல் என்ற முன்னொட்டோடு ஸலாம் சேர்ந்தால் அஸ்ஸலாம், நூர் சேர்ந்தால் அந்நூர். ஹம்து சேர்ந்தால் அல்ஹம்து, லகரம் அப்படியே நிற்கும். 28 எழுத்தில் 14 லகரத்தை விழுங்கும், மீதி 14 விழுங்காது. விழுங்குபவை சூரிய எழுத்து, விழுங்காதவை சந்திர எழுத்து. கல்லும் தூணும் சேர்ந்து கற்றூண் ஆனதைப் படித்தவளுக்கு இது பெரிய விஷயமா? ஒரே வித்தியாசம், அரபியில் எழுதும்போது அந்த லகரம் போகாது, வாசிக்கும்போதுதான் மறையும்.

பெயர்களுக்கும் பால் உண்டு. சூரியன் பெண், சந்திரன் ஆண். கண், கை என்று உடம்பில் இரட்டையாக இருப்பவை பெரும்பாலும் பெண். இதில் காரணம் கேட்டு அண்ணாச்சியை நச்சரிப்பதை ஒரு மாதத்தில் விட்டுவிட்டேன்.

அரபி இலக்கணத்துக்கு அடித்தளம் போட்ட சீபவைஹி அரபு அல்ல, பாரசீகர். 8ஆம் நூற்றாண்டில் பஸ்ராவில் படித்தவர். ஹதீஸ் (நபிமொழி) பாடத்தில் ஒரு பிழை விட்டு, ஆசிரியர் திருத்திய வெட்கத்தில்தான் இலக்கணத்தின் பக்கம் திரும்பினார் என்று ஒரு கதை உண்டு. இஜ்லிஸீ சம்பவத்துக்குப் பிறகு எனக்கு அவர் மேல் தனிப் பாசம்.

இன்னும் தடுக்குவது எண்தான். ஒரு மாத்திரை ஹப்பா, இரண்டு என்றால் ஹப்பதைன். எண்ணையே சொல்ல வேண்டாம், இருமை ஒட்டு போதும். மூன்றிலிருந்து பத்துவரை வம்பு. பெண்பால் பெயருக்கு முன்னால் எண் பெண்பால் வாலை உதறிவிடும், ஆண்பால் பெயருக்கு முன்னால் வாலோடு வரும். ஹப்பா பெண்பால், ஆக, மூன்று மாத்திரை தலாத் ஹப்பாத். நாள் ஆண்பால், ஆக, மூன்று நாள் தலாதத் அய்யாம். பத்தைத் தாண்டிவிட்டால், ‘இருபது நாள்’ என்று நாம் சொல்வதைப் போலப் பெயர் ஒருமைக்கு வந்துவிடும். மூச்சு விடலாம்.

அவசரத்தில் மாத்திரை உறையில் எழுதிக் கொடுத்துவிடுகிறேன். அதிலும் ஒன்று: எழுத்து வலமிருந்து இடமாகப் போகும், எண் மட்டும் இடமிருந்து வலம். பாதி வரியில் பேனாவைத் தூக்கி, இடம் விட்டு, எண்ணை எழுதிவிட்டு மறுபடி தாண்டிப் போகிறேன். போன வாரம் பதினைந்து நாள் என்று எழுதுவதற்கு விட்ட இடம் போதாமல், ஐந்து மட்டும் உறையின் ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.