யோக்கைக் கழற்றி டின் மாட்டும்போது கடையில் சொல்லாமல் விடுபவை

ஸ்கூபா டைவிங்கில் சிலிண்டர் காற்றை மூச்சுக்கு ஏற்ற அழுத்தத்துக்குக் குறைத்துத் தருவது ரெகுலேட்டர். என்னுடையதை யோக்கிலிருந்து (சிலிண்டர் வால்வை வெளியிலிருந்து கவ்விப் பிடிக்கும் வகை) டின்னுக்கு (வால்வுக்குள் திருகி மாட்டும் வகை) மாற்றும் வேலை ஒருவழியாக முடிந்தது. சரியான பாகம் கையில் இருந்தால் கால் மணி நேர வேலை. ஆனால் கடையில் ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் (சிலிண்டரோடு சேரும் ரெகுலேட்டர் பகுதி) மாடலைக்கூடக் கேட்காமல், "டின் கிட் எல்லாம் ஒன்றுதான் சார்" என்று ஒன்றை எடுத்து நீட்டினார்கள். ஒன்றல்ல. சிலிண்டருக்குள் போகும் பக்கம் எந்தக் கம்பெனியானாலும் ஜி 5/8 மரைதான். ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் உடம்புக்குள் போகும் மரையோ கம்பெனிக்குக் கம்பெனி, சில நேரம் மாடலுக்கு மாடல் மாறும். அந்தக் கிட் இரண்டு சுற்று ஏறி இறுகி நின்றது. அதற்கு மேலும் ஸ்பேனர் போட்டுத் திருகப் பார்த்தவரை நிறுத்த வேண்டியிருந்தது. உடம்பு குரோம் பூசிய பித்தளை. மரை போனால் ஃபர்ஸ்ட் ஸ்டேஜே போச்சு. மாடல் பெயரையும் சீரியல் எண்ணையும் எழுதிக் கொடுத்து, அந்த மாடலுக்கான பாக எண்ணைச் சொல்லச் சொல்லுங்கள். சொல்லத் தெரியாத இடத்தில் ரெகுலேட்டரைக் கொடுக்காதீர்கள்.

இவ்வளவு மெனக்கெட்டு ஏன் மாற்ற வேண்டும்? எல்லாம் காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் எங்கே உட்காருகிறது என்பதில் இருக்கிறது. யோக்கில் ஓ-ரிங் சிலிண்டர் வால்வின் முகத்தில் இருக்கும். ரெகுலேட்டர் அதன்மேல் வெளியிலிருந்து அழுத்திப் பிடிக்கும். கப்பல் சிதைவின் உள்ளே வால்வு எங்காவது இடித்து யோக் கொஞ்சம் நகர்ந்தாலே ஓ-ரிங் பிதுங்கிக் காற்று கொட்டும். டின்னில் ஓ-ரிங் ரெகுலேட்டரின் மூக்கில், மரைக்குள்ளே அடைபட்டு இருக்கும், பிதுங்க வழியில்லை. மட்டக்களப்புக்கு வெளியே 1942-ல் மூழ்கிய ஹெர்ம்ஸ் கப்பல் மாதிரி 50 மீட்டரைத் தாண்டிய இடங்களுக்குப் போகிறவர்கள் டின் கேட்பது இதனால்தான். 18 மீட்டரில் பவளம் பார்க்கிறவருக்கு நல்ல யோக்கே தாராளமாகப் போதும்.

மாற்றும்போது பக்கத்திலேயே நின்று பாருங்கள். யோக்கைப் பிடித்திருக்கும் பெரிய நட் வெளியே வந்ததும் கூம்பு மாதிரி ஒரு ஃபில்டர் தெரியும். அதில் பச்சை படிந்திருந்தால் எப்போதோ கடல் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். அப்படியானால் வெறும் மாற்றத்தோடு விடாமல் முழு சர்வீஸ் செய்துவிடுங்கள். ஃபில்டரும், கனெக்டருக்கும் உடம்புக்கும் நடுவே வரும் ஓ-ரிங்கும் புதிதாகப் போட வேண்டும். பழையதையே துடைத்துப் போடுவார்கள், விடாதீர்கள். இறுக்கம் அந்த மாடலின் கையேட்டில் சொன்ன அளவுக்கு, டார்க் ரெஞ்ச் வைத்து. முடிந்ததும் இன்டர்மீடியட் பிரஷரை, அதாவது ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் குறைத்து வெளியே விடும் அழுத்தத்தை, கேஜ் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலான மாடல்களில் 9-லிருந்து 10 பாருக்குள் (பார் என்பது அழுத்த அலகு) வந்து, ஏறாமல் நிற்க வேண்டும். பிறகு வால்வைத் திறந்தபடியே ஃபர்ஸ்ட் ஸ்டேஜைத் தண்ணீரில் முக்கினால் குமிழி எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்துவிடும்.

டின் என்று வாங்கும்போது 300 பார் கனெக்டரையே வாங்குங்கள். அதில் 7 மரைச் சுற்று, 200 பார் கனெக்டரில் 5. 7 மரை உள்ளது இரண்டு வகை வால்விலும் உட்காரும். 5 மரை உள்ளதை 300 பார் வால்வில் போட்டால் முழுதாகத் திருகினாலும் ஓ-ரிங் அடியைத் தொடாது, திறந்தவுடன் சீறும். அதிக அழுத்த சிலிண்டரில் குறைந்த அழுத்த ரெகுலேட்டர் மாட்டக் கூடாது என்று வேண்டுமென்றே வைத்த ஆழம் அது. பழைய ரெகுலேட்டரை செகண்ட் ஹேண்டில் எடுப்பவர்கள் மரையை எண்ணிப் பார்த்து வாங்குங்கள்.

இனி உண்மையான தலைவலி: வாடகை சிலிண்டர். அந்தமான், புதுச்சேரி பக்கம் கிடைப்பது பெரும்பாலும் 11.1 லிட்டர் அலுமினியம், யோக் வால்வு. "டின் போடலாமா?" என்று போனில் கேட்டால் "போடலாம், போடலாம்" என்றுதான் பதில் வரும். வால்வு வாயின் போட்டோ கேளுங்கள். நடுவில் அறுகோண ஓட்டை தெரிந்தால் அது கழற்றக்கூடிய இன்சர்ட், டின் வால்வை யோக்குக்கு ஏற்றதாக்க உள்ளே திருகிய துண்டு. ஆலன் கீயால் எடுத்துவிட்டு டின்னை நேராகத் திருகலாம். தட்டையான முகமும் சின்ன வட்ட ஓட்டையும் மட்டும் தெரிந்தால் அது யோக்குக்கு மட்டும்தான். அங்கே டின்-யோக் அடாப்டர் வேண்டும். அது வேலை செய்யும், ஆனால் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் இன்னும் பின்னால் தள்ளி நின்று தலையில் இடிக்கும். மேலும் டின்னின் அனுகூலம் அதோடு போய்விடும், ஏனென்றால் வால்வு முகத்தில் அதே பழைய யோக் சீல்தான்.

இன்சர்ட் எடுக்கும்போது வால்வு மூடியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆலன் கீ 6 அல்லது 8 மி.மீ.; இரண்டையும் கொண்டுபோங்கள். எடுத்த இன்சர்ட்டைத் திருப்பிப் பின்பக்க ஓ-ரிங் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். உப்பில் ஊறிய சிலிண்டர்களில் அது வால்வின் அடியிலேயே ஒட்டிக்கொண்டு தங்கிவிடும். கருப்புக்குள் கருப்பாக இருப்பதால் டார்ச் அடித்தால்தான் தெரியும். அதன்மேல் டின்னைத் திருகினால் ஓ-ரிங்மேல் ஓ-ரிங் உட்கார்ந்து, படகில் சரியாக இருப்பதுபோல் தோன்றி, தண்ணீரில் இறங்கியதும் குமிழி விடும். மரக்குச்சியால் எடுங்கள், ஸ்க்ரூடிரைவர் சீட்டைக் கீறிவிடும். டைவ் முடிந்ததும் இன்சர்ட்டைத் திரும்பப் போட்டுவிடுங்கள். வெறும் வாயோடு சிலிண்டர் சாய்ந்து விழுந்தால் விளிம்பு நசுங்கி, அடுத்தவருக்கு டின்னே ஏறாது.

டின்னைத் திருகும்போது முதலில் கொஞ்சம் பின்பக்கம் திருப்பி, மரை இடம் பிடித்த பிறகு முன்னால் திருகுங்கள். விரல் இறுக்கம் போதும். டைவுக்குப் பிறகு டின்னின் கைச்சக்கரம் அசையவில்லையென்றால் பிளையரைத் தேடாதீர்கள்: உள்ளே அழுத்தம் இருக்கிறது. வால்வை மூடி, செகண்ட் ஸ்டேஜின் (வாயில் வைக்கும் பகுதி) பர்ஜ் பொத்தானை அழுத்திக் காற்றை முழுதாக விட்டால் தானாகக் கழலும்.

ஐரோப்பாவில் நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூடுதலாக உள்ள காற்று) எடுக்கப் போகிறவர்களுக்கு ஒன்று: அங்கே எம் 26 என்ற இன்னொரு மரை உண்டு, அகலமானது. ஜி 5/8 அதில் பிடிக்காது. போகும் கடையில் எது என்று முன்கூட்டியே கேளுங்கள்.

பையில் யோக் வால்வுக்கு 014 என்ற அளவு எண் உள்ள ஓ-ரிங் கொஞ்சம் எப்போதும் இருக்கட்டும். டின் மூக்குக்குப் பெரும்பாலும் 112, சில மாடல்களில் 111. உங்களுடையது எது என்று கையேட்டில் பார்த்து, 90 டியூரோமீட்டர் கடினம் உள்ளதாக வாங்குங்கள். மென்மையான ரப்பர் 200 பாரில் தாங்காது.