நீளம் சமமில்லாத வரிசைகளிலிருந்து நெடுவரிசை எடுப்பது: 10 நிமிடக் கேள்வி 50 நிமிடம் தின்ற கதை

கோடிங் தேர்வு, 90 நிமிடம், மூன்று கேள்விகள். முதல் கேள்வியைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. எண்கள் கொண்ட சில வரிசைகளைத் தருவார்கள், ஒவ்வொரு நெடுவரிசையிலும் (அதாவது மேலிருந்து கீழாக) உள்ள மிகச் சிறிய எண்ணைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு மற்றதைப் பார்க்கலாம் என்று இறங்கினேன். 'வரிசைகளின் நீளம் மாறுபடலாம்' என்று கேள்வியிலேயே ஒரு வரி இருந்தது. படித்தேன், ஆனால் மனதில் ஏறவில்லை, ஏனென்றால் கொடுத்திருந்த மாதிரி உள்ளீட்டில் எல்லா வரிசையும் ஒரே நீளம்.

(அணிகள் பாடத்தில் நிரை, நிரல் என்று படித்தவர்கள் கோபிக்க வேண்டாம். நிரல் என்றால் புரோகிராம் என்றும் ஆகிவிடுவதால் இங்கே வரிசை, நெடுவரிசை என்றே எழுதுகிறேன்.)

நான் எழுதியது பைத்தான். முதல் வரிசையின் நீளத்தை எடுத்து அத்தனை முறை லூப் ஓட்டினேன். மாதிரி பாஸ். சமர்ப்பித்தால் மறைத்து வைத்திருந்த டெஸ்ட் கேஸ்களில் இன்டெக்ஸ் எர்ரர், அதாவது வரிசையில் இல்லாத இடத்திலிருந்து எண் கேட்டதாகப் பிழை. காகிதத்தில் இப்படி ஒரு டேட்டா எழுதிப் பாருங்கள்: முதல் வரிசை 4, 7, 1. இரண்டாவது வெறும் 9. மூன்றாவது 3, 5. நான்காவது 8, 2, 6, 10. முதல் வரிசையின் நீளம் 3 என்பதால் லூப் மூன்று முறை ஓடப் பார்க்கும், ஆனால் இரண்டாவது வரிசையில் ஒரே ஒரு எண்தான், அங்கேயே விழுந்துவிடும். அது விழாமல் இருந்தாலும் கடைசி வரிசையின் 10 கண்ணிலேயே படாது. வர வேண்டிய சரியான விடை 3, 2, 1, 10.

சரி, பல வரிசைகளிலிருந்து ஒரே இடத்து எண்களைச் சேர்த்துத் தரும் ஜிப் என்ற பைத்தான் ஃபங்ஷனைப் போட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். இதுதான் நான் செய்த பெரிய தப்பு. இன்டெக்ஸ் எர்ரராவது கத்திச் சொல்லும், ஜிப் மிகக் குட்டையான வரிசை தீர்ந்ததும் சத்தமே இல்லாமல் நின்றுவிடும். மேலே உள்ள டேட்டாவில் 4, 9, 3, 8 என்ற ஒரே ஒரு நெடுவரிசை வரும், மீதி மூன்றும் காணாமல் போகும், எர்ரரும் கிடையாது. பைத்தான் 3.10 முதல் ஜிப்புக்கு ஸ்ட்ரிக்ட் என்று ஒரு ஆப்ஷன் உண்டு, அதை ட்ரூ என்று வைத்தால் நீளம் பொருந்தாதபோது வேல்யூ எர்ரர் தரும். எல்லா வரிசையும் சமம் என்று நம்பி எழுதும் இடத்திலெல்லாம் இப்போது அதைப் போட்டுவிடுகிறேன்.

அப்புறம் பைத்தானோடு வரும் இட்டர்டூல்ஸ் என்ற மாட்யூலில் உள்ள ஜிப் லாங்கஸ்ட் ஞாபகம் வந்தது. அது நீளமான வரிசை வரை போகும், இல்லாத இடங்களில் நன் என்ற வெற்று மதிப்பை நிரப்பும். அந்த வெற்று மதிப்பை எண்ணோடு ஒப்பிட முடியாது என்று மிகச் சிறியதைக் கண்டுபிடிக்கும் மின் ஃபங்ஷன் டைப் எர்ரர் தந்தது. அவசரத்தில் நிரப்பும் மதிப்பை 0 என்று மாற்றினேன். விடை 3, 0, 0, 0 என்று வந்தது, இல்லாத எண் போட்டியில் கலந்துகொண்டு ஜெயித்த மாதிரி. வேடிக்கை என்னவென்றால் எதிர்ம எண்கள் நிறைந்த சில கேஸ்கள் இதிலும் பாஸாயின, அதனால் பிழை வேறெங்கோ இருக்கிறது என்று பதினைந்து நிமிடம் தேடினேன். சராசரி கேட்டிருந்தாலும் இதே கதைதான். இரண்டாவது நெடுவரிசையில் உண்மையில் இருப்பது 7, 5, 2, அதாவது 14-ஐ 3 ஆல் வகுக்க வேண்டும். 0 நிரப்பினால் 4 ஆல் வகுத்து 3.5 என்று வரும்.

திரும்ப நன் நிரப்பி, அதை வடிகட்ட 'இஃப் எக்ஸ்' என்று மட்டும் எழுதினேன். அந்தச் சோதனையில் பைத்தான் 0-ஐயும் 'இல்லை' என்றே எடுத்துக்கொள்ளும், அதனால் டேட்டாவில் உண்மையாகவே இருந்த 0 எல்லாம் அதோடு சேர்ந்து போயிற்று! நன் தானா என்று நேரடியாகக் கேட்க வேண்டும், இருக்கிறதா இல்லையா என்று பொதுவாகக் கேட்கக் கூடாது. இதற்குள் 50 நிமிடம் ஓடிவிட்டது, மூன்றாவது கேள்வியை நான் தொடவே இல்லை.

இப்போது இந்த மாதிரிக் கேள்வி வந்தால் கீபோர்டைத் தொடும் முன் ஒன்றை முடிவு செய்துகொள்கிறேன்: இல்லாத இடத்தை விட்டுவிட வேண்டுமா, எதையாவது நிரப்ப வேண்டுமா, எர்ரர் தர வேண்டுமா? விட்டுவிட்டால் 7, 5, 2 என்று கிடைக்கும், ஆனால் 5 எந்த வரிசையிலிருந்து வந்தது என்ற தகவல் போய்விடும். அது தேவைப்படும் கேள்வி என்றால் வரிசை எண்ணையும் கூடவே எடுத்து வைக்க வேண்டும். ஒரே ஒரு நெடுவரிசை போதுமென்றால், வரிசையின் நீளம் அந்த இன்டெக்ஸைவிட (0-இலிருந்து எண்ணும் இட எண்) பெரியதா என்று பார்த்து எடுத்தாலே போதும். ஆனால் கடைசி நெடுவரிசை வேண்டுமென்று இன்டெக்ஸாக மைனஸ் 1 போட்டுவிடாதீர்கள். எர்ரர் வராது, 1, 9, 5, 10 என்று வரும், அது ஒவ்வொரு வரிசையின் கடைசி எண், நெடுவரிசையே அல்ல.

எல்லா நெடுவரிசையும் வேண்டுமென்றால் நான் இப்போது நெடுவரிசை வழியாகப் போவதே இல்லை. காலியான ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு வரிசைகளை ஒவ்வொன்றாகப் படிக்கிறேன், முதல் எண் முதல் கூடையில், இரண்டாவது எண் இரண்டாவது கூடையில், கூடை இல்லையென்றால் அப்போதே புதிதாக ஒன்று. அதிகபட்ச நீளத்தை முன்கூட்டியே கண்டுபிடிக்க வேண்டாம், எதையும் நிரப்ப வேண்டாம், காலி வரிசை வந்தால் தானாகவே கடந்து போகும். நேரமும் மிச்சம். ஒரு லட்சம் வரிசைகள், அதில் ஒன்று மட்டும் ஒரு லட்சம் எண் நீளம், மற்றதெல்லாம் ஒற்றை எண் என்று வைத்துக்கொள்ளுங்கள். நெடுவரிசை வாரியாக எல்லா வரிசையையும் தட்டிப் பார்த்தால் ஆயிரம் கோடி முறை. கூடை வழியில் மொத்த எண்கள் எத்தனையோ அத்தனைதான், சுமார் இரண்டு லட்சம்.

ஜாவாவில் எழுதுபவர்களுக்கு ஒன்று: உள் நீளம் சொல்லாமல் அரே உருவாக்கினால் ஒவ்வொரு வரிசையும் முதலில் நல் (வெற்று) ஆகத்தான் இருக்கும், நீளம் கேட்டாலே நல் பாயிண்டர் பிழை விழும். ஜாவாஸ்கிரிப்ட் இன்னும் மோசம், எல்லை தாண்டினால் அன்டிஃபைண்ட் (மதிப்பு இல்லை) கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கும், அதை அதன் மின் ஃபங்ஷனான மேத் மினுக்குக் கொடுத்தால் நான்-எ-நம்பர் (எண்ணே அல்ல) என்று வரும். பைத்தானில் எண் கணக்குகளுக்கான நம்பை லைப்ரரி, பழைய பதிப்புகளில் இப்படி நீளம் மாறுபடும் டேட்டாவை ஆப்ஜெக்ட் அரே (வரிசைகளையே உறுப்புகளாகக் கொண்ட பட்டியல்) ஆக ஏற்றுக்கொண்டது, 1.24 முதல் வேல்யூ எர்ரர்தான். எனக்கு அது நல்ல மாற்றமாகவே படுகிறது.

பயிற்சிக்கு, கோடிங் கேள்விகள் உள்ள லீட்கோட் தளத்தில் 1324 ஆம் கேள்வியைப் போடுங்கள். வாக்கியத்தில் உள்ள சொற்களை மேலிருந்து கீழாக எழுத வேண்டும், சொற்களின் நீளம் வேறு வேறு. இங்கே விட்டுவிடும் வழி செல்லாது, ஏனென்றால் எழுத்து தன் இடத்திலேயே நிற்க வேண்டும், அதனால் இடைவெளி நிரப்பியே ஆக வேண்டும். நிரப்பிய பிறகு வலது ஓரத்தில் மிஞ்சும் இடைவெளியை மட்டும் வெட்டுங்கள், இடது ஓரத்தையும் சேர்த்து வெட்டினால் தப்பு.