கிட்னி ட்ரேயில் கிடந்த ஊசி

அன்று இரவு எனக்கு அவசரப் பிரிவில் டியூட்டி. விபத்தில் அடிபட்டு வந்தவருக்கு நரம்பே கிடைக்கவில்லை. மூன்றாவது முறைதான் வென்ஃப்ளான் (மருந்து ஏற்ற நரம்பில் செருகும் மெல்லிய குழாய்) ஏறியது. உள்ளிருக்கும் ஊசியை உருவி, பக்கத்தில் இருந்த கிட்னி ட்ரேயில் (சிறுநீரக வடிவத் தட்டு) ரத்தப் பஞ்சுகளோடு போட்டேன். அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அதற்குள் அடுத்த ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. ட்ரேயை மறந்தே போனேன். யாரோ அதை அப்படியே, ரத்தப் பஞ்சு போன்ற கழிவுக்கான மஞ்சள் கவரில் கொட்டிவிட்டார்கள்.

விடியற்காலையில் அந்தக் கவரின் வாயைக் கட்டும்போது, துப்புரவு வேலை பார்க்கும் அக்காவின் விரலில் ஊசி ஏறியது. கையுறை போட்டுத்தான் இருந்தார். மெல்லிய ரப்பர் ஊசியை எங்கே தடுக்கும்? "சின்னதாத்தான் குத்துச்சு சிஸ்டர்" என்றபடி விரலைப் பிதுக்கினார். பிதுக்கவும் கூடாது, வாயில் வைக்கவும் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவ வைத்தேன்.

வென்ஃப்ளான் ஊசி குழல் போன்றது, உள்ளே ரத்தம் தங்கும். அதனால் தையல் ஊசி குத்துவதைவிட இது ஆபத்து. அந்த நோயாளியை அதற்குள் வேறு மருத்துவமனைக்கு மாற்றியிருந்தார்கள். அவருடைய ரத்தத்தைப் பரிசோதிக்க வழியில்லை. எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், முதல் 2 மணி நேரத்துக்குள் என்றால் இன்னும் நல்லது. உடனே தொடங்கினோம். எச்.ஐ.வி. உள்ளவருக்குப் போட்ட ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம்தான். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி அப்படியில்லை. தடுப்பூசி போடாதவருக்கு அது 30 சதவீதம் வரை போகும்.

அந்தத் தடுப்பூசி போட்டிருக்கிறாரா என்றுதான் டாக்டர் கேட்டார். அக்கா என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கெல்லாம் போட்டாச்சா சிஸ்டர்?"

எனக்குப் படிக்கும்போதே மூன்று டோஸும் போட்டாயிற்று. ஒப்பந்த வேலையில் இருந்த அவருக்கு ஒன்றுகூடப் போடவில்லை. மருத்துவக் கழிவைக் கையாளும் எல்லோருக்கும் போட வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் சொல்கின்றன. அவருக்கு முதல் டோஸ், ஊசி குத்திய பிறகுதான் கிடைத்தது.

28 நாள் மாத்திரை. குமட்டலோடுதான் வேலைக்கு வந்தார். ஆறாவது மாதப் பரிசோதனையும் நல்லபடியாக வரும்வரை அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

எந்தக் கவரில் எது என்ற அட்டவணை எங்கள் சுவரில் அன்றும் ஒட்டியிருந்தது. ஊசிக்கான வெள்ளை டப்பா மட்டும் அறையின் மறுமூலையில் இருந்தது. அவசரத்தில் அந்த நாலு அடியை யாரும் நடப்பதில்லை, நானும் நடக்கவில்லை. இப்போது டப்பா டிராலியிலேயே கட்டிலருகே வருகிறது. ஊசியைப் பயன்படுத்தியவரே அதை டப்பாவில் போட வேண்டும். ஊசிக்குத் திரும்ப மூடி மாட்டுவது கிடையாது. முக்கால்வாசி நிறைந்ததும் டப்பாவை மூடிவிடுகிறோம்.

சரி, வீட்டில் இன்சுலின் போடுபவர்கள்? டிஸ்சார்ஜ் ஆகும்போது கேட்டால் பலரும் "குப்பைத் தொட்டியிலதான்" என்கிறார்கள். அந்தத் தொட்டியிலும் ஒருவர் கைவிட்டு அள்ளுகிறார். கெட்டியான காலி பினாயில் பாட்டிலில் போட்டு, மூடியை இறுக்கி டேப் ஒட்டிக் கொண்டுவரச் சொல்கிறேன். ஒரு தாத்தா மாதாமாதம் தவறாமல் கொண்டுவருகிறார். வாங்குவதற்கு முன், மூடி இறுகியிருக்கிறதா என்று அக்கா இரண்டு முறை கேட்பார்.